வால்பாறையா, கோத்தகிரியா? முதலில் எந்த மாதம் போகிறீர்கள் என்று பாருங்கள்

மூன்று நாள் லீவு இருக்கிறது, ஊட்டி கொடைக்கானல் நெரிசல் வேண்டாம், சின்ன ஊராக இருந்தால் போதும் என்று தேட ஆரம்பித்தால் கடைசியில் பெரும்பாலும் வால்பாறை, கோத்தகிரி என்ற இந்த இரண்டு ஊர்தான் மிஞ்சும். இரண்டிலும் டீ எஸ்டேட், இரண்டிலும் குளிர், போட்டோவை மட்டும் காட்டினால் எது எந்த ஊர் என்று சொல்வதே கஷ்டம். போன பிறகு பொழுது போகிற விதம்தான் வேறு. என்னைக் கேட்டால் வால்பாறை உட்கார்ந்து பார்க்கிற ஊர், கோத்தகிரி நடந்து சுற்றுகிற ஊர்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வால்பாறை இருக்கும் ஆனைமலையில் நேராக வந்து மோதுகிறது, வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மழை அதிகம் கொட்டுகிற இடங்களில் ஒன்று. மழையைப் பார்க்கவே போகிறவர்களுக்குச் சரி, மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனிமூட்டத்தையும் காலில் ஏறும் அட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதே நாட்களில் கோத்தகிரி, தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே இருப்பதால், பாதி மழையை அந்த மலையே வாங்கிக்கொள்ள, சாரலோடு தப்பித்துவிடும். அக்டோபர், நவம்பரில் கதை மாறும்: வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியைத்தான் பிடிக்கும், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் அப்போதுதான், கிளம்பும் முன் செய்தியைப் பார்த்துவிடுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இரண்டுமே நன்றாக இருக்கும். ஆனால் கோத்தகிரி கிட்டத்தட்ட 6,000 அடி, வால்பாறை சுமார் 3,500 அடி, ஸ்வெட்டரை அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்பாறைக்குப் போவது என்றால் பயணமே பாதி விஷயம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும், அந்தப் பாறைச் சரிவுகளில் வரையாடு நிற்கிறதா என்றும் நிதானமாகத் தேடுங்கள். வாந்தி வருகிறவர்களை வெறும் வயிற்றிலும் ஏற்றாதீர்கள், பரோட்டா தின்ற கையோடும் ஏற்றாதீர்கள். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டோரமாகவே இருக்கும், அவை ரோட்டைத் தாண்டுவதற்காக மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருப்பதை அண்ணாந்து பார்த்தால் தெரியும். பிஸ்கட் மட்டும் போடாதீர்கள், அதற்குப் பழகி ரோட்டில் இறங்கித்தான் வண்டியில் அடிபடுகின்றன. பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் விடிந்ததும் கிளம்ப வேண்டும்.

இத்தனை விலங்குகள் இருக்கிற ஊரில் நம் இஷ்டத்துக்குக் காலாற நடக்க முடியாது. இருட்டிய பிறகு டீ தோட்டத்துப் பாதையில் யானை நிற்கலாம், சிறுத்தையும் இருக்கலாம். பக்கத்தில் யானை இருந்தால் எரியவிடும் சிவப்பு விளக்குக் கம்பங்களே அங்கங்கே நட்டிருக்கிறார்கள், எஸ்டேட் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அதனால் ஆறு மணிக்கு மேல் ரூமுக்குள் இருந்துவிடுங்கள். இன்னொன்று, ஆறுகள் பார்க்க முட்டளவுதான் என்று தோன்றும், உயிர்கள் போயிருக்கின்றன. கூழாங்கல் ஆற்றில் காலை நனைத்தால் போதும்.

வயதான பெற்றோரும் சின்னக் குழந்தைகளும் கூட வந்தாலோ, சொந்த வண்டி இல்லாவிட்டாலோ கோத்தகிரிதான் சுலபம். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து 33 கிலோமீட்டர்தான், பஸ்ஸும் அடிக்கடி உண்டு. ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது, வனத்துறை அனுமதியோடு காலையில் உள்ளே நடந்தால் பாசி படிந்த மரங்களும் நீலகிரிக்கே உரிய பறவைகளும்தான். சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிதண்ணீரும் அந்தச் சோலையிலிருந்துதான் என்பதால் குப்பை போட்டால் திட்டு விழும், விழட்டும். கோடநாடு காட்சி முனைக்கு மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், மூட்டம் ஏறாத வேளையில் கீழே மாயாறு பள்ளத்தாக்கும் தூரத்தில் பவானிசாகர் தண்ணீரும் தெரியும். கன்னேரிமுக்கில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் பழைய பங்களா நினைவகமாக இருக்கிறது, வரலாற்றில் ஆர்வம் இருந்தால் அரை மணி நேரம் போகும். இங்கேயும் காட்டுமாடும் கரடியும் தெருவுக்கே வரும், அதனால் ராத்திரி உலாவல் இங்கும் வேண்டாம்.

கோத்தகிரியை நான் தவிர்க்கச் சொல்வது மே மாதத்தில் மட்டும்தான். சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், ஊட்டிக் கூட்டம் மொத்தமும் இந்தச் சின்ன ஊர் வழியாகத்தான் கீழே போகும்.

கோத்தகிரி இருக்கும் நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ், வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து வந்துவிட்டது. வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், செக்போஸ்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு சிக்னல் தேட வேண்டியிருக்காது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.