ரிசீவர், சவுண்ட்பாருக்கு நாமே ஃபர்ம்வேர் அப்டேட் போடுகிறோமா? இந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்

போனில் அப்டேட் போடுகிற மாதிரிதானே என்று நினைத்துத்தான் பலரும் ஏவி ரிசீவரிலும் (டிவி, ஸ்பீக்கர்களை இணைத்து ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு, அதாவது பெட்டியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க, 'ஓகே' அழுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலானவற்றில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கியிருப்பார்கள். ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது எழுதப்படும். எழுதியது சரிப்படவில்லை என்றால் போன் பழையதற்கே திரும்பிவிடும். வீட்டு ஆடியோ சாதனங்கள் பலவற்றில், முக்கியமாகப் பழைய ரிசீவர்களில், இந்த ஏற்பாடு கிடையாது. ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் எழுத வேண்டுமென்றால் அங்கே இருப்பதை முதலில் அழிக்க வேண்டும். அழித்தாகிவிட்டது, இன்னும் எழுதி முடியவில்லை என்கிற நேரத்தில் கரண்ட் போனால் உள்ளே பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. அப்புறம் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

போதாததற்கு, ரிசீவருக்குள் ஒரே ஒரு சிப் இல்லை. ஒலியைக் கையாளும் டிஎஸ்பி, எச்டிஎம்ஐ பகுதி, நெட்வொர்க் பகுதி, முன்பக்க டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொள்ளும் மைக்ரோகன்ட்ரோலர் எனத் தனித்தனியாக இருக்கும். பெரிய அப்டேட் என்றால் இவற்றில் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டு போகும். நடுவில் டிஸ்ப்ளே அணையலாம், உள்ளே இருக்கும் ரிலே என்ற ஸ்விட்ச் 'டக்' என்று சத்தம் போடலாம், பெட்டி தானாக அணைந்து எழலாம். இது தெரியாதவர்கள்தான் 'ஹேங் ஆகிவிட்டது' என்று முடிவு கட்டி ப்ளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

எதற்காக என்று தெரியாமல் போடுவது

பாட்டு நன்றாகக் கேட்கிறது, டிவியோடு ஒத்துப்போகிறது, எந்தக் குறையும் இல்லை. அப்படியிருக்க, மெனுவில் 'புதிய வெர்ஷன் வந்துள்ளது' என்று பார்த்த ஒரே காரணத்துக்காக அப்டேட் போடத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. அந்த வெர்ஷனில் என்ன மாறியிருக்கிறது என்று கம்பெனி தளத்தில் சில வரிகள் போட்டிருப்பார்கள். அதில் உங்களுக்கு இருக்கும் தொல்லை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில தொல்லைகள் அப்டேட்டில் தீரவே தீராது. 2020 கடைசியில் டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்களின் புது மாடல்களில் எச்டிஎம்ஐ 2.1 சிப்பிலேயே கோளாறு இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் பெட்டியிலிருந்து 4கே, 120 ஹெர்ட்ஸ் படத்தை அனுப்பினால் திரை கறுத்துவிடும். அடுத்த ஃபர்ம்வேரில் சரியாகிவிடும் என்று பலர் காத்திருந்தார்கள். கடைசியில் டெனானும் மராண்ட்ஸும் வெளியில் மாட்டிக்கொள்ள ஒரு அடாப்டர் பெட்டியை இலவசமாகத் தந்தன, யமஹா எச்டிஎம்ஐ போர்டையே மாற்றித் தர முன்வந்தது. சிப்பில் இருக்கும் கோளாறுக்கு மென்பொருளில் மருந்து கிடையாது.

இருந்த வசதி அப்டேட்டில் காணாமல் போவதும் உண்டு. ஸ்பீக்கர் கம்பெனியான சோனோஸ் தொடுத்த காப்புரிமை வழக்கில் 2022 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் கூகுளுக்கு எதிராக முடிவு சொன்னது. உடனே கூகுள், ஒரு குழுவில் உள்ள தன் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே பட்டனில் கூட்டிக் குறைக்கும் வசதியை அப்டேட் வழியாக எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போகலாமே என்றால், பெரும்பாலான கம்பெனிகள் அந்த வழியை அடைத்தே வைத்திருக்கின்றன.

அதற்காக, வாங்கிய நாளிலிருந்து ஒரு அப்டேட்டும் போடாமல் கிடப்பதும் சரியில்லை. 2025 ஏப்ரலில் ஏர்பிளே (ஆப்பிள் சாதனங்களிலிருந்து வயரில்லாமல் பாட்டு அனுப்பும் முறை) வசதி உள்ள பல கம்பெனிகளின் ஸ்பீக்கர்கள், ரிசீவர்களில் 'ஏர்போர்ன்' என்ற பெயரில் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் அந்தச் சாதனத்துக்குள் புகுந்துவிடலாம். இப்படிப்பட்ட ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தால் தாமதிக்காமல் போட வேண்டியதுதான். ப்ளூடூத் மட்டும் உள்ள, நெட்டில் சேராத சவுண்ட்பாருக்கு இந்தக் கவலை இல்லை.

கரண்ட், ரிமோட், வீட்டு மனிதர்கள்

மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்று எங்கள் பகுதியில் மின்தடை என்று செய்தித்தாளில் வந்திருக்கும், அதைப் பார்க்காமல் காலையில் உட்கார்ந்து அப்டேட் போடுபவர்கள் உண்டு. மழை, இடி என்றால் சொல்லவே வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரிசீவரை அதன் லைனில் மாட்டி, இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் அந்த நொடிப் பிசிறுக்கே சில பெட்டிகள் அணைந்து எழும். நெட் வழியாகப் போடுவதாக இருந்தால் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். பதிவிறக்கம் பாதியில் நின்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை, மறுபடி முதலிலிருந்து இறக்கிக்கொள்ளும். எழுதத் தொடங்கிய பிறகு நின்றால்தான் வம்பு.

கரண்ட்டை விட அதிகம் கவனிக்காமல் விடுவது எச்டிஎம்ஐ சிஇசி. டிவியை அதன் ரிமோட்டில் அணைத்தால் ரிசீவரும் சேர்ந்து அணைகிறதே, அந்த வசதிதான். பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருக்கும்போது 'ஒன்றும் ஓடவில்லையே' என்று பாட்டி டிவியை அணைப்பார், டிவி ரிசீவருக்கும் 'அணை' என்று சொல்லும். அப்டேட்டின்போது அந்தச் சொல்லை மதிக்காதபடி சில பெட்டிகள் கட்டப்பட்டிருக்கும், உங்களுடையது அப்படியா என்று சோதித்துப் பார்க்க இது நேரமில்லை. ஆன்கியோ ரிசீவர் கையேடுகள் அப்டேட்டுக்கு முன் இந்த எச்டிஎம்ஐ கட்டுப்பாட்டை அணைத்துவிடவே சொல்கின்றன. மற்ற கம்பெனிப் பெட்டிகளுக்கும் அதையே செய்யுங்கள். ரிசீவர் ஸ்மார்ட் ப்ளக்கிலோ டைமரிலோ இருந்தால் அதிலிருந்தும் கழற்றி நேராகச் சுவரில் மாட்டுங்கள்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சவுண்ட்பார் சில நிமிடத்தில் முடித்துவிடும். ரிசீவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இரவு பத்து மணிக்குப் படம் பார்க்க உட்கார்ந்தபோது வருகிற அறிவிப்புக்கு 'லேட்டர்' என்பதே சரியான பதில்.

பென் டிரைவ் விவகாரம்

பென் டிரைவில் போடுவது எளிது, ஆனால் சொதப்பும் இடங்கள் இதில்தான் அதிகம். முதலில் மாடல். பெட்டியின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசி ஒரு எழுத்து மாறினாலும் உள்ளே போர்டே வேறாக இருக்கலாம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி என்றால் அந்த நாட்டுத் தளத்தில் உள்ள ஃபைல்தான் அதற்கு உரியது. இந்தியத் தளத்தில் அதே பெயரில் இருப்பதை எடுத்துப் போடாதீர்கள். பெரும்பாலான பெட்டிகள் பொருந்தாத ஃபைலை மறுத்துவிடும். எல்லாப் பெட்டிகளும் அல்ல. கம்பெனி தளம் தவிர வேறெங்கும், யாரோ கூகுள் டிரைவில் ஏற்றி வைத்த ஃபைலை நம்பி இறக்குவது பற்றிச் சொல்லவே தேவையில்லை.

அடுத்து பென் டிரைவ். அதை ஃபார்மட் செய்யும் முறைகளில் பல ரிசீவர்களுக்கு ஃபேட்32 தான் வேண்டும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்றால் பெட்டிக்குக் கண்ணே தெரியாது. இறக்கிய ஃபைல் ஜிப்பாக இருந்தால் விரித்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், கையேடு சொன்னபடி பென் டிரைவைத் திறந்ததும் தெரியும் இடத்திலேயே வைக்க வேண்டும். ஃபைலின் பெயரை மாற்றக்கூடாது. இரண்டு முறை இறக்கியதால் பெயரின் கடைசியில் கம்ப்யூட்டர் தானாகச் சேர்த்த '(1)' கூட இருக்கக்கூடாது. மேக்கில் காப்பி செய்தால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் மறைவு ஃபைல் ஒன்றும் கூடவே போய் உட்காரும், சில பெட்டிகள் அதையே ஃபர்ம்வேர் என்று படிக்கப் பார்த்து எர்ரர் காட்டும்.

மெனுவிலும் கவனம் வேண்டும். யமஹாவின் பல மாடல்களில் முன்பக்கத்து 'ஸ்ட்ரெயிட்' பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரைத் தட்டினால் ஒரு தனி மெனு திறக்கும். யுஎஸ்பி அப்டேட் அங்கேதான். அதே மெனுவில் எல்லா செட்டிங்கையும் அழிக்கும் 'இனிட்' இருக்கிறது, ஸ்பீக்கர் இம்பீடன்ஸை (ஸ்பீக்கரின் மின்தடை அளவை) மாற்றுவதும் இருக்கிறது. அவசரத்தில் ஒரு தட்டு தவறாகப் போனால் அப்டேட் நடக்காமல் வேறு ஏதோ நடக்கும்.

இதனால்தான் முன்கூட்டியே செட்டிங்கைச் சேமிக்கச் சொல்கிறேன். டெனான், மராண்ட்ஸின் பல மாடல்களில் செட்டிங்கைச் சேமித்து மீட்கும் வசதி மெனுவிலேயே உண்டு. உங்கள் பெட்டியில் இல்லையென்றால் ஸ்பீக்கர் தூரம், லெவல், கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்பது) காட்டும் திரைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்ய ஆறு, எட்டு இடங்களில் மைக்கை மாற்றி மாற்றி வைத்து, மின்விசிறியை அணைத்து வியர்க்க வியர்க்க எடுத்த அளவுகள் அவை.

இன்னொன்று: டிவியையும் சவுண்ட்பாரையும் ஒரே நாளில் அப்டேட் செய்ய வேண்டாம். மறுநாள் ஏஆர்க்கில் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளில் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) சத்தம் வரவில்லை என்றால் எதைக் குற்றம் சொல்வது என்றே தெரியாது.

கெட்டுப்போன பிறகு செய்யும் தவறுகள்

பதற்றத்தில் கை முதலில் போகும் இடம் ஃபேக்டரி ரீசெட். 2025 மார்ச் 9 அன்று டிவியிலும் ஸ்பீக்கரிலும் மாட்டும் கூகுளின் சிறு கருவிகளான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேலை நிறுத்தின. காரணம், உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானது. ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுள் சொன்னது. அதற்குள் ரீசெட் செய்துவிட்டவர்களுக்கு, சாதனத்தை மறுபடி செட்டப் செய்யவே முடியவில்லை. சும்மா விட்டுவைத்தவர்களுக்கு சில நாட்களில் திருத்தம் தானாக வந்து சேர்ந்தது. உங்கள் பெட்டி கெட்டால் முதலில் அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் கெட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் கெடுவதுண்டு. 2025 தொடக்கத்தில் சாம்சங்கின் எச்டபிள்யூ-கியூ990டி சவுண்ட்பாருக்கு வந்த 1020.7 வெர்ஷன், பலருடைய சவுண்ட்பாரை அசையவிடாமல் முடக்கிப்போட்டது. தானியங்கி அப்டேட்டை விட்டுவைத்தவர்கள் எதையும் அழுத்தக்கூட இல்லை. பழுதை ஒப்புக்கொண்ட கம்பெனி இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொன்னது. விலை உயர்ந்த பெட்டியில் தானியங்கி அப்டேட்டை அணைத்துவைத்து, பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதாக இல்லையென்றால் புதிய வெர்ஷனை அது வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் போடுவது இதற்காகத்தான்.

முடங்கிப்போன பெட்டியைத் திறந்து தானே பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஃபர்ம்வேர் இருக்கும் எட்டுக் கால் ஃபிளாஷ் ஐசிக்கு சிஎச்341ஏ புரோகிராமரை (சிப்பைப் படித்து எழுதும் சிறு கருவி) கவ்விவிட்டு மறுபடி எழுதுவது சென்னை ரிச்சி தெருப் பக்கம் சாதாரண வேலை. ஆனால் அந்த ஐசியில் ஃபர்ம்வேரோடு அந்தப் பெட்டிக்கே உரிய மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்), சீரியல் எண் போன்றவையும் இருக்கலாம். முதலில் உள்ளதைப் படித்து காப்பி எடுக்காமல் வேறு பெட்டியின் ஃபைலை எழுதினால் அவை போயே போய்விடும். ரிசீவரின் பெரிய கெபாசிட்டர்கள் ப்ளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாரண்டி மீதமிருந்தால் மூடியில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். டிஸ்ப்ளேயில் நின்றுபோன வாசகத்தைப் படம் எடுங்கள். முன்பு இருந்த வெர்ஷன், போட்ட வெர்ஷன், ஃபைலை இறக்கிய பக்கம், கரண்ட் போனதா இல்லையா, இவற்றைக் குறித்துக்கொண்டு பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். 'தானாகவே நின்றுவிட்டது' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், போர்டு மாற்ற வேண்டும் என்ற எஸ்டிமேட்தான் முதலில் கைக்கு வரும்.