முதல் நாள் வகுப்பில் ‘எந்த ஊர்?’ என்று கேட்காமல் அறிமுகம் நடத்துவது எப்படி

நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளில் ஃபர்ஸ்ட் இயர் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் முதல் நாளில் வழக்கமாகச் சொல்வது இதுதான்: “ஒவ்வொருத்தரா எந்திரிச்சு பேரு, ஊரு, அப்பா என்ன செய்றாங்க, ப்ளஸ் டூல எவ்வளவு மார்க்னு சொல்லுங்க.” இந்த நான்கில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள்.

மார்க்கைக் கேட்டால் வகுப்பு அன்றே இரண்டாகப் பிரிந்துவிடும். அப்பாவின் வேலையைக் கேட்டால், அப்பா இல்லாத பிள்ளை அறுபது பேர் முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்திலிருந்து வருகிற பல வீடுகளில் அம்மா பீடி சுற்றித்தான் படிக்க வைக்கிறார். ‘அப்பா என்ன வேலை’ என்ற கேள்வியில் அந்த அம்மாவுக்கு இடமே இல்லை.

ஊர்க் கேள்விதான் இருப்பதிலேயே சிக்கலானது. வேறு வட்டாரத்திலிருந்து வந்த ஆசிரியருக்கு அது சாதாரண விசாரிப்பாகத் தெரியலாம். இங்கே ஊர் பெயரைச் சொன்ன மறு நொடி, “ஊருக்குள்ள எங்க?” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து கேள்வி வரும். வடக்குத் தெருவா, கீழத் தெருவா, காலனியா என்று தெரிந்துவிட்டால் சாதி தெரிந்த மாதிரிதான். மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருவது என்பது அதோடு முடிவாகிவிடும். ஆசிரியரே “அட, நம்ம ஊரா! அங்க யாரு வீடு?” என்று மகிழ்ந்து கேட்டால் இன்னும் மோசம். அந்த ஒரு மாணவருக்கு அது பாசமாகப் படும். மீதி 59 பேரும் ‘சார் அவங்க ஆளு’ என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு வருடம் முழுக்க நீங்கள் போடும் இன்டர்னல் மார்க் ஒவ்வொன்றும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கப்படும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும், அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அந்தக் குழு பரிந்துரைத்தது. அவை பள்ளிகளுக்குச் சொன்னவை. ஆனால் அதே பிள்ளைகள்தான் அடுத்த ஜூனில் கல்லூரிக்கு வருகிறார்கள். முதல் நாள் அகர வரிசையில் உட்கார வைப்பது கல்லூரிக்கும் பொருந்தும். ஒரே ஊர்க் கூட்டம் ஒரே பெஞ்சில் சேர்வது தானாகக் குறையும். கையில் கயிறு கண்ணில் பட்டால் எல்லார் முன்னும் அதைப் பேச்சாக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதற்கு உங்களை அந்த மாணவர் முதலில் நம்ப வேண்டும், அதற்கு ஒரு வாரமாவது ஆகும்.

பழைய முறைக்குப் பதிலாக, ஆளுக்கொரு சீட்டில் எழுத வைத்து, ஜோடி சேர்த்து, ஒருவர் மற்றவரை அறிமுகப்படுத்த வைக்கலாம். தயாரிப்பு எளிது. 60 பேர் வகுப்புக்கு 17 ஏ4 தாள் எடுத்து ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 68 சீட்டு. கூடுதல் எட்டும் தாமதமாகச் சேருகிறவர்களுக்கு. முந்தின நாளே ஆபீஸில் பெயர்ப் பட்டியல் வாங்கி, வாய்விட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். கூடுமானவரை முதல் பீரியடில் இதை வைக்காதீர்கள். வள்ளியூர், திசையன்விளைப் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் நாள் எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறி வருவார்கள். தாமதமாக வந்து வாசலில் நிற்கிற பிள்ளைக்கு அறிமுகம் ஆகாமலே போய்விடும். இரண்டாவது பீரியட் நல்லது.

50 நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் 60 பேருக்கு எட்டாது. கடைசி பெஞ்சு வரும்போது மணி அடித்துவிடும். அதனால் ஜோடி போடுங்கள். நேரக்கணக்கு இப்படி: நீங்கள் பேச 5, சீட்டு எழுத 5, ஜோடியாகப் பேச 6, ஜோடிக்கு ஒரு நிமிடமாக 30 ஜோடிக்கு 30. மீதி 4 நிமிடம் இழுபறிக்கு.

முதல் 5 நிமிடம் உங்களுடையது. பெயர், எப்படிக் கூப்பிடலாம், ஸ்டாஃப் ரூமில் எப்போது இருப்பீர்கள், இந்தப் பாடத்தில் நீங்கள் படிக்கும்போது எது புரியாமல் திணறினீர்கள். இந்த நான்கு போதும். ஊர்ப் பெருமை வேண்டாம். விதிமுறைப் பட்டியலையும் அடுத்த வகுப்புக்குத் தள்ளுங்கள்.

சீட்டில் பதில் எழுத வேண்டிய நான்கு கேள்விகளைப் போர்டில் எழுதிப் போடுங்கள்:

1. உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்? (தமிழில் எழுதவும்)
2. அடுத்தவருக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்று எது?
3. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை பஸ், சாயங்காலம் கடைசியாக எதைப் பிடிக்க வேண்டும்?
4. ஆசிரியருக்கு மட்டும் தெரிய வேண்டியது ஏதாவது உண்டா?

முதல் இரண்டு மட்டுமே வகுப்பில் சத்தமாகச் சொல்வதற்கு. மூன்றும் நான்கும் உங்கள் கண்ணுக்கு மட்டும் என்பதை எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பின்னால் சொன்னால் நான்காவதில் எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். போர்டு தெரியவில்லை, ஒரு காது கேட்காது, ராத்திரி கடையில் வேலை என்பதெல்லாம் அங்கேதான் வரும்.

பெயரைத் தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என நான்கு மாவட்டங்களில் இருக்கின்றன. வெளியூர் ஆசிரியர் வருவது சகஜம். ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து பேச்சிமுத்துவைப் ‘பெட்சிமுத்து’ என்று அவர் வாசித்தால் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பே மூன்று வருடத்துக்குப் பட்டப்பெயராகிவிடும். முப்பிடாதி, இசக்கியம்மாள், சுடலைமுத்து போன்ற சாமி பெயர்களைப் பிள்ளைகளே கூச்சத்தோடு முணுமுணுப்பார்கள். நீங்கள் நிறுத்தி, தெளிவாக, முழுப் பெயரையும் ஒரு முறை சொல்லுங்கள். ஒரே வகுப்பில் மூன்று முத்துலட்சுமி இருந்தால் ‘ஏ. முத்துலட்சுமி, எஸ். முத்துலட்சுமி’ என்று நீங்களாகப் பிரிக்காமல் அவர்களிடமே கேளுங்கள். ஒருவர் ‘லட்சுமி’ போதும் என்பார்.

ஜோடி சேர்க்க, 1 முதல் 30 வரை இரண்டு தடவை எண்ணச் சொல்லி ஒரே எண் வந்தவர்களைச் சேருங்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காரும் வகுப்பானால் அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே எண்ணுங்கள். முதல் நாளே கலந்து ஜோடி போட்டால் 6 நிமிடமும் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒரு குழுவில் மூன்று பேர்.

பிறகு ஒருவர் மற்றவரை அறிமுகப்படுத்த வேண்டும். தன்னைப் பற்றிப் பேச நா எழாத பிள்ளையும் அடுத்தவரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடும். “இவங்க பேரு காந்திமதி. பத்து நிமிஷத்துல ரெண்டு முழம் பிச்சிப்பூ கட்டிருவாங்களாம்.” கிணற்றில் தலைகீழாகக் குதிப்பது, பஞ்சர் ஒட்டுவது, கோரைப்பாய் முடைவது என்று என்னென்னவோ வரும். ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று எழுதியவரிடம் வீட்டில் காலையில் என்ன செய்வார் என்று கேளுங்கள், ஏதாவது கிடைக்கும்.

ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லாதீர்கள், ஆங்கில இலக்கிய வகுப்பாக இருந்தாலும் சரி. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ‘மை நேம் இஸ்’ஸோடு நின்றுவிடுவார்கள், அந்த நின்றுபோன இடம்தான் மற்றவர்கள் நினைவில் தங்கும். உதவித்தொகை, முதல் பட்டதாரி விவரங்களுக்கு இந்த நேரத்தில் கை தூக்கச் சொல்வதும் கூடாது. அதற்கு ஆபீஸ் படிவம் இருக்கிறது.

முதல் வாரம் எல்லாரையும் ‘நீங்க’ என்றே பேசுங்கள். ‘ஏலே’, ‘ஏட்டி’ இந்த மண்ணின் பிரியமான சொற்கள்தான், ஆனால் முதல் நாளில் சிலரை மட்டும் அப்படிக் கூப்பிட்டால் மற்றவர்கள் காரணம் தேடுவார்கள்.

வீட்டுக்குப் போனதும் சீட்டுகளை உட்காரும் வரிசைப்படி அடுக்கி, நாளுக்கு 12 பெயராகப் படியுங்கள். ஐந்து வேலை நாளில் 60 முடியும். நோட்டு திருப்பித் தரும்போது பெயர் சொல்லி நீங்களே கையில் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் பதியும்.

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி டைரியில் ஒட்டி வையுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும்போது அதைப் பார்க்காமல் நேரம் குறிக்காதீர்கள். நாலரைக்கு வகுப்பு முடிந்தால் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டின பிறகு ஊர் சேரும் பெண்கள் யார் யார் என்று அதில் இருக்கும்.

அட்மிஷன் முடியாத துறைகளில் மூன்றாவது வாரம் வரை புதியவர்கள் வருவார்கள். வந்த அன்றே மீதி எட்டுச் சீட்டில் ஒன்றைக் கொடுத்து, மூன்று பேர் குழுவிலிருந்தோ முன்பெஞ்சிலிருந்தோ ஒருவரை அவருக்குத் துணை சேர்த்து, பீரியட் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அந்தத் துணையே அவரை அறிமுகப்படுத்தட்டும்.