பேச்சு நின்றுபோன வாடிக்கையாளர் குழு

சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். கன்று வாங்கியவர்களுக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில், மூன்றே வருஷத்தில் காலை வணக்கப் படங்களும் என் விலைப்பட்டியலும்தான் மிச்சம். பட்டியல் போடுவதை நிறுத்தினேன். தை மாதம், 'மாமரத்துப் பூங்கொத்தை போட்டோ எடுத்துப் போடுங்க' என்று கேட்டேன். யாரும் போடவில்லை.

பர்கூர் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நேராகவே போன் போட்டேன். 'அண்ணா, தத்துப்பூச்சிக்கு என்ன செஞ்சீங்க? எழுத வேண்டாம், குழுவுல பேசியே அனுப்புங்க.' வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலம் அடித்ததையும், அறுவடை முடிந்ததுமே நெருக்கமான கிளைகளைக் கவாத்து செய்து உள்ளே வெயில் விழ விட்டதையும் நிதானமாகச் சொன்னார். அன்று ராத்திரியே ஏழு பேர் குரலில் பதில் போட்டார்கள். எழுதத்தான் கூச்சம் அவர்களுக்கு. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

இப்போது யார் சந்தேகம் கேட்டாலும் நான் ஒரு மணி நேரம் வாய் திறப்பதில்லை. பெங்களூரா ரக மா போட்ட யாராவது ஒருவர் முந்திவிடுகிறார்.