ஆடிஷன் வீடியோவில் வரியின் தொடக்கம் அமுங்கியது ஏன்?

நாகர்கோவிலில் இருந்தபடியே சென்னைக்கு ஆடிஷன் வீடியோ அனுப்பும் எனக்குப் பல நாள்களை விழுங்கிய சிக்கல் இது: ஒத்திகையில் இயல்பாக அமையும் காட்சி, பதிவில் மேடை நாடகம்போல் மிகைப்பட்டுத் தெரிந்தது, குரலோ ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தேய்ந்து ஒலித்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைச் சந்தேகித்து ஜன்னல்களை அடைத்தேன், மின்விசிறியையும் நிறுத்தினேன். இரைச்சல் குறைந்ததே தவிர வேறொன்றும் மாறவில்லை. விளக்கை இடம் மாற்றியது முகத்துக்கு மட்டுமே உதவியது.

பிறகு செல்போனைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேட்டபோதுதான் பிடிபட்டது. எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தை வாசித்த தம்பி செல்போனை ஒட்டி நின்றதால் அவன் குரல் ஓங்கிப் பதிவானது. அந்த உரத்த குரலுக்கேற்பச் செல்போன் ஒலிவாங்கும் அளவைத் தானாகவே குறைத்துக்கொள்ள, அடுத்து வரும் என் வரியின் முதல் சொற்கள் அமுங்கின. அவனுக்கு ஈடுகொடுத்தே என் நடிப்பும் உரத்துப் போயிருந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் இது காதில் விழாது.

தம்பியை லென்ஸுக்கு இடப்பக்கம், செல்போனுக்குச் சற்றுப் பின்னே தள்ளி, என் கண்மட்டத்தில் உட்காரவைத்து, "நீ நடிக்காண்டாம் மக்கா, மெதுவா வாசிச்சா போதும்" என்றேன். குரல் சீரானது, பார்வை லென்ஸை ஒட்டியே விழுந்ததால் இரு கண்களும் முழுமையாகத் தெரிந்தன. மார்பளவு ஃப்ரேமில் கிடைமட்டமாக எடுத்த அந்த வீடியோவுக்குத்தான் நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது, பெரிய நிம்மதி. பெயர், வயது, உயரம் சொல்லும் அறிமுகத்தை இப்போது காட்சிக்குப் பிறகு, குரலின் இறுக்கம் தளர்ந்த நிலையில் தனியாக எடுக்கிறேன்.