பொன்னியின் செல்வனை ஆறுதலாக வாசிப்பது எப்படி

பெரியம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு, நான்தான் பொன்னியின் செல்வனை வாசித்துக் காட்டினேன். ஐந்து பாகமும் முடிய ஒரு வருடத்துக்கு மேல் போனது. அதில் பழகியதைச் சொல்கிறேன்.

முதலில், அவசரப்பட வேண்டாம். இது 1950இல் தொடங்கி மூன்றரை வருடம் வாராவாரம் வந்த தொடர். அடுத்த கிழமை வரை ஆளைத் தவிக்க விடத்தான் ஒவ்வொரு அத்தியாயத்தையும் கல்கி அப்படி முடிக்கிறார். ஒரே இரவில் பத்தை விழுங்கினால், கதாநாயகன் வந்தியத்தேவன் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்பதுகூட அலுத்துவிடும். நாங்கள் விளக்கு வைத்த பிறகு இரண்டு அத்தியாயம்தான். பெரியம்மா கெஞ்சினால் மூன்று.

வாய்விட்டு வாசியுங்கள். ஆழ்வார்க்கடியான் தொடக்கத்தில் போடும் சமயச் சண்டை கண்ணால் வாசிக்க நீளம்தான். குரல் மாற்றி வாசித்துப் பாருங்கள், வீட்டுக்குள் கூத்து நடக்கும்.

பெயர்கள் குழம்பினால் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: சுந்தர சோழர், அவர் பிள்ளைகள் கரிகாலர், குந்தவை, அருள்மொழி; மறுபக்கம் மதுராந்தகர். போனில் மட்டும் தேட வேண்டாம். யாருக்கு என்ன நடக்கிறது என்று முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடும். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை என்பதைக் கதை முடிந்த பிறகு தெரிந்துகொண்டால் போதும்.

காதலும் அந்தக் காலத்துக் காதல். ஓலை கொண்டுவந்த வந்தியத்தேவனைக் குந்தவை நிமிர்ந்து பார்ப்பதே பெரிய காட்சி. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.

வால்நட்சத்திரம், குடந்தை ஜோதிடர், கொள்ளிவாய்ப் பேய், இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு ஓடாதீர்கள். கதையின் உயிரே அந்தப் பயத்தில்தான் இருக்கிறது. கோடிக்கரைச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைப் பூங்குழலி தன் காதலர்கள் என்று சொல்லும் இடம் வந்த அன்று கரண்ட் இல்லை. பெரியம்மாவைக் கைபிடித்து எங்கள் திருகோணமலை டச்பே கடற்கரைக்குக் கூட்டிப் போய், டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தேன். தூரத்தில் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் ஒன்று அணைய ஒன்று தெரிந்தன. நான் சொல்லச் சொல்ல, அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அலைகடலும் ஓய்ந்திருக்க” என்ற அவள் பாட்டையும் அங்கேயே வைத்து வாசித்தேன். அந்தப் பாட்டைக் கடல் சத்தத்தோடு கேட்க வேண்டும். இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு அது கஷ்டமில்லை.

முடிவுரையை விட்டுவிடாதீர்கள். பிறகு யார் என்ன ஆனார்கள் என்று அதில் கல்கியே சொல்கிறார்.

அப்புறம் ஒரு நாள் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தப் பள்ளிக்குப் போய் வாருங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. பெரியம்மாவை ஓட்டோவில் கூட்டிப் போய், இந்தப் பள்ளிக்கு யாருடைய பெயர் வைத்தார்கள் என்று சொன்னேன்.

“எங்கட அருள்மொழியோ?” என்று இரண்டு தரம் கேட்டார்.