ஓய்வுக்குப் பிறகு பதிப்பகமா? 100 பிரதியில் தொடங்குங்கள்

ஓய்வுபெற்றதும் கீழக்கரையில் சின்னதாகப் பதிப்பகம் ஆரம்பித்தேன். ஆசையில் முதல் புத்தகத்தையே 500 பிரதி அடித்துவிட்டேன். ஐப்பசி மழையும் உப்புக்காற்றும் சேர்ந்ததில், தரையோடு கிடந்த கட்டுகளில் அட்டை சுருண்டு, ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை. இப்போது டிஜிட்டல் அச்சில் 100தான். தீர்ந்தால் மறுபடி அடிக்கிறேன். கட்டுகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குங்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமரா உட்பட நான்கு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். விலை போடும்போதே அதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.