கருவிழிக் காயம்: புறநோயாளிப் பிரிவில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

ஆண்டுதோறும் புதிய பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள். தவறுகள் மட்டும் மாறுவதில்லை. எங்கள் தலைமுறை செய்தவையே அவை. பெங்களூரில் எங்களிடம் அல்சூர்த் தமிழ்க் குடும்பங்களும், பீன்யா பட்டறைத் தொழிலாளர்களும், கே.ஆர். மார்க்கெட்டில் சுமை இறக்குபவர்களும் வருகிறார்கள். கண்ணைக் கசக்கக் கூடாது, ஊசியால் தூசியை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் ஊரறிந்தது, விட்டுவிடுகிறேன்.

சிவப்பைக் கண்டதும் ஸ்டீராய்டு

கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவை. அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல். அதில் ரத்தக் குழாய் கிடையாது. ஒளி தடையின்றி உள்ளே போக அது ஒரு காரணம். ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் கிருமி நுழைந்தால் அதை எதிர்க்கும் அணுக்கள் வெளியிலிருந்து வந்துசேர வேண்டும். கண் சிவப்பதும் வீங்குவதும் அந்தப் படை கிளம்பிவிட்டது என்பதற்கான அடையாளம். ஸ்டீராய்டு அதைத்தான் அடக்குகிறது.

பொங்கல் சமயத்தில் கரும்புக் கட்டு இறக்கிய தர்மபுரிக்காரர் ஒருவருக்குத் தோகை கண்ணில் கீறிவிட்டது. முதலில் பார்த்த இளம் மருத்துவர் ஆன்டிபயாட்டிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்தார். சிவப்பு குறைந்தது, வலியும் தணிந்தது. மருந்து நன்றாகக் கேட்கிறது என்று நோயாளி கடையில் அதே மருந்தை மறுபடி வாங்கினார். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

எங்களிடம் வந்தபோது கருவிழியின் நடுவே சாம்பல் வெள்ளையில் ஒரு புண், ஓரமெல்லாம் பிசிறு. சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பூஞ்சை இழைகள். பூஞ்சைக்கு எதிரான நாட்டமைசின் சொட்டை மணிக்கொரு முறை விடத் தொடங்கி, வாரக்கணக்கில் தொடர்ந்தோம். புண் ஆறியது, பார்வைக்கு நேராகப் பூ விழுந்துவிட்டது. இப்போது கருவிழி மாற்று அறுவைக்குக் காத்திருக்கிறார்.

என்ன பட்டது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இலை, தழை, வைக்கோல், மண் என்று பதில் வந்தால் பூஞ்சையை நினைக்க வேண்டும். ஸ்டீராய்டைத் தொடவே கூடாது. "கலவை மருந்து கொடுத்தால் நோயாளிக்குச் சீக்கிரம் சுகமாகத் தெரிகிறது, டாக்டர்" என்று ஒரு பயிற்சி மருத்துவர் சொன்னார். தெரியத்தான் செய்யும். கேடே அதுதானே!

மரப்பு மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

கூடாது. வலி போகும், மேல்தோல் வளர்வதும் நின்றுபோகும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவரின் கண்ணைக் கட்டுவது

சூடோமோனாஸ் கிருமிக்கு விருந்து.

வலி நின்றதும் ஆறிவிட்டது என்று அனுப்புவது

கருவிழியின் மேல்தோலில் ஐந்து முதல் ஏழு அடுக்கு செல்கள் இருக்கின்றன. கீறல் விழுந்தால், பந்தியில் ஒருவர் எழுந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவதுபோலச் சுற்றியுள்ள செல்கள் சரிந்து வந்து இடத்தை நிரப்புகின்றன. சிறு கீறல் ஓரிரு நாளில் மூடிவிடும். ஆனால் வந்த செல்கள் அடித்தளத்தில் இறுகப் பற்றிக்கொள்ள வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். குழந்தையின் நகம் பட்ட தாய்மார்கள் சில மாதம் கழித்து, விடியற்காலையில் கண் திறந்ததும் சுரீரென்று குத்தியது என்று வருவது இதனால்தான். தூக்கத்தில் இமையோடு ஒட்டிய மேல்தோல் பிய்ந்துவிடுகிறது. இத்தகைய காயத்துக்கு இரவில் போடும் களிம்பைச் சில வாரம் தொடரச் சொல்லுங்கள்.

மேல்தோலுக்குக் கீழே உள்ள போமன் அடுக்கு திரும்ப வளராது. அதைத் தாண்டிய காயம் தழும்பாகவே ஆறும்.

சுண்ணாம்பு பட்டவரிடம் விவரம் கேட்டுக்கொண்டிருப்பது

முதலில் கழுவுங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே, குழாய்த் தண்ணீரிலேயே, அரை மணி நேரமாவது. பன்னீரும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். சுண்ணாம்பின் காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கருவிழி விளிம்பில் உள்ள மூல செல்கள் வெந்துவிட்டால் புதிய மேல்தோலை அனுப்ப ஆளில்லை. வெள்ளைப்பகுதியின் சவ்வு ரத்தக் குழாய்களோடு ஏறி வந்து மூடிக்கொள்ளும்.

மேல் இமையைப் புரட்டாமல் விடுவது

சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்க்கும்போது செங்குத்தாகப் பல கீறல்கள் பச்சையாக மின்னினால், துகள் இன்னும் இமைக்கு அடியில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.